தமனியில் படியும் சுண்ணமும் குருதி காட்டும் குறிகளும்

(பகவான் மகாவீரர் பிறந்தநாள் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கருணாபுரம் என்னும் பெயருக்குக் கருணை குடிகொண்ட ஊர் என்பது பொருள். கள்ளக்குறிச்சி நகரைச் சேர்ந்த அந்தப் பகுதியின் பெயர் 2024ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நாடெங்கும் துயரத்தோடு ஒலித்தது. மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்களுள் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறும். குருதியின் அமிலத்தன்மை ஏறும். முதலில் கண்ணொளியும் பின்னர் உயிரும் போகும். சில நாள்களுக்குள் நிகழ்ந்த அந்தச் சாவுகளை உலகமே கண்டு இரங்கியது.

அதே மாவட்டத்தில், கள் தொடாத வீடுகளிலும் ஊன் தொடாத வீடுகளிலும் வேறொரு சாவு வருகிறது. அது இருபது முப்பது ஆண்டுகள் ஓசையின்றி முற்றி, ஒருநாள் விடியற்காலையில் நெஞ்சைப் பிடிக்கிறது. முந்தைய நாள் வரை கோயிலுக்கு நடந்து சென்று வந்தவர் மறுநாள் இல்லை. ‘நன்றாகத்தானே இருந்தார்’ என்று சுற்றத்தார் வியக்கின்றனர். உண்மையில் அவருடைய இதயத் தமனிகள் பல்லாண்டுகளாக நன்றாக இல்லை. அதனை அறிவிக்கும் குறிகள் சில அவருடைய குருதியில் இருந்தன. அவற்றைக் கேட்பார் இல்லை. இவ்வுரையின் பொருள் அக்குறிகளே.

முதலில் ஒரு நம்பிக்கையை ஆராய வேண்டும். புலால் உண்ணாத குடும்பத்துக்கு மாரடைப்பு வாராது என்பது தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பலவற்றில் ஊறிப்போன எண்ணம். இதில் ஓரளவு உண்மை உண்டு. இங்கிலாந்தில் 48,000க்கும் மேற்பட்டோரைப் பதினெட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆக்ஸ்போர்டு ஆய்வின் முடிவு 2019இல் வெளிவந்தது. புலால் உண்போருள் 100 பேருக்கு இதயத் தமனி நோய் வந்தால், அதே நிலையிலுள்ள மரக்கறி உண்போருள் 78 பேருக்கு வந்தது என்பது அதன் கணக்கு. எனவே கொல்லாமை நோன்பு உடலுக்கும் நன்மை தருகிறது. ஆயினும் 78 என்பது சுழியம் அன்று. அதே ஆய்வில் மரக்கறி உண்போருக்குப் பக்கவாதம் சற்று மிகுதியாகவே காணப்பட்டது.

தமிழ்நாட்டின் நிலை இன்னும் கவலைக்குரியது. சென்னையில் மருத்துவர் வி. மோகன் குழுவினர் இரண்டு குடியிருப்புப் பகுதிகளில் 1,262 பேரிடம் நடத்திய ஆய்வு 2001இல் வெளியாயிற்று. அதில் 100க்கு 11 பேர் என்னும் அளவில் இதயத் தமனி நோய் இருப்பது தெரியவந்தது. அமெரிக்காவில் குடியேறிய தென்னாசியரை ஆராய்ந்த மசாலா என்னும் பெயருடைய ஆய்வும், தென்னாசிய ஆண்களின் இதயத் தமனிகளில் வெள்ளையின ஆண்களுக்கு நிகரான சுண்ணப்படிவு இருப்பதைக் காட்டிற்று. மரக்கறி உணவு என்று எடுத்துக்கொண்டாலும், தீட்டிய அரிசி, சர்க்கரை, நெய்யூறிய இனிப்பு, எண்ணெயில் பொரித்த பண்டம், உடலசைவற்ற வாழ்வு ஆகிய ஐந்தும் சேர்ந்தால் தமனி தப்புவதில்லை.

இது புதிய காலத்து நோய் மட்டும் அன்று. பண்டைய எகிப்து, பெரு முதலிய நாடுகளைச் சேர்ந்த 137 பதனுடல்களைச் சி.டி. ஸ்கேன் கருவியால் ஆராய்ந்து 2013இல் முடிவு வெளியிட்டனர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உடல்களின் தமனிகளில் சுண்ணப்படிவின் தடயம் இருந்தது. மறுபுறம், தென் அமெரிக்காவின் பொலிவியக் காட்டில் வாழும் சிமானே மக்களுள் 100க்கு 85 பேரின் இதயத் தமனிகளில் சுண்ணமே இல்லை என்று 2017இல் கண்டறிந்தனர். அவர்கள் மீனும் ஊனும் உண்போர். ஆனால் நாளெல்லாம் நடந்து, உழுது, உழைப்போர். தமனியைக் காப்பதில் உணவுக்கு இணையாக உழைப்புக்கும் பங்கு உண்டு என்பதை அவர்கள் வாழ்வு காட்டுகிறது.

இனி, தமனியில் சுண்ணம் எவ்வாறு படிகிறது என்பதைக் காண்போர்க்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. பழைய குழாயில் உப்பு படிவதைப்போல அது தானே படிகிறது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். தமனிச் சுவருக்குள் கொழுப்பு புகுந்து, அழற்சி தோன்றி, அங்குள்ள தசை உயிரணுக்கள் தம் இயல்பு மாறி, எலும்பை உருவாக்கும் உயிரணுக்களைப்போல நடக்கத் தொடங்குகின்றன என்பது பின்னர் விளங்கிற்று. எலும்பை வளர்க்கும் புரதம் ஒன்று நோயுற்ற மனிதத் தமனியில் சுரப்பதை 1993இல் கண்டனர். எலும்பு வளரவேண்டிய இடத்தில் வளர்வது நலம். தமனிக்குள் வளர்வது கேடு. இது உயிருள்ள ஒரு செயல். செயல் என்றால் அதனைத் தூண்டுவோரும் உண்டு, தடுப்போரும் உண்டு.

தடுக்கும் காவலருள் மூன்று புரதங்கள் குறிப்பிடத்தக்கவை.

முதலாவது ஃபெட்டுயின்-ஏ. இதனைக் கல்லீரல் சுரக்கிறது. குருதியில் கால்சியமும் பாஸ்பேட்டும் எப்போதும் மிகுந்தே இருக்கின்றன. அவை ஒன்றுகூடிப் படிகமாகாமல் இப்புரதம் அவற்றைச் சிறு துகள்களாகப் பொதிந்து ஏந்திச் செல்கிறது. சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்வோரிடம் இது குறைந்திருப்பதையும், மிகக் குறைந்தவர்களிடம் இறப்பு மிகுவதையும் 2003இல் கண்டறிந்தனர்.

இரண்டாவது மேட்ரிக்ஸ் கிளா புரதம். இது தமனிச் சுவரிலேயே உருவாகிறது. ஆனால் வைட்டமின் கே கிடைத்தால்தான் இதற்குச் செயலாற்றல் வரும். கிடைக்காவிட்டால் காவலன் இருந்தும் உறங்குகிறான். அவ்வாறு உறங்கும் வடிவத்தைக் குருதியில் அளக்க இயலும். இப்புரதம் இல்லாமல் பிறந்த எலிகள் தமனி முழுவதும் சுண்ணமேறி வெடித்து இரண்டே திங்களில் இறந்தன என்பதை 1997இல் வெளியிட்டனர்.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். அவ்வறிவு எலிகளின் உயிரை விலையாகக் கொடுத்துப் பெற்றது. கொல்லாமையை முதல் நோன்பாகக் கொண்டோர் அதனை எளிதாகக் கடந்து செல்லலாகாது. அதே வேளையில், கிடைத்த அறிவைப் பயன்படுத்தாமல் ஒரு மனித உயிரையும் இழப்பது இரட்டை இழப்பாகும். சென்னையிலும் ஆக்ஸ்போர்டிலும் நடந்தவற்றைப்போல, மனிதர் தாமே முன்வந்து குருதி அளித்துப் பங்கேற்கும் ஆய்வுகள் பெருகப் பெருக, பிற உயிர்களை வருத்தும் தேவை குறையலாம். அத்தகைய ஆய்வுக்கு அழைப்பு வரும்போது தயங்காமல் பங்கேற்பதும் கொல்லாமையின் ஒரு கூறு எனக் கொள்ளலாம்.

மூன்றாவது ஆஸ்டியோபுரோடெஜெரின். எலும்பைத் தேயாமல் காப்பது இதன் தொழில். இது இல்லாத எலிகளுக்கு எலும்பு தேய்ந்தது; அதே சமயம் தமனியில் சுண்ணம் ஏறிற்று. அவ்வாறாயின் இது மிகுந்த மனிதருக்குத் தமனி தூய்மையாக இருக்கவேண்டும் அல்லவா? நடப்பதோ வேறு. இப்புரதம் மிகுந்தவர்களிடமே இதயத் தமனிச் சுண்ணமும் மிகுந்திருப்பதை அமெரிக்காவின் டாலஸ் இதய ஆய்வு 2007இல் காட்டிற்று. தீப்பற்றிய தெருவில் தீயணைப்பு வண்டிகள் கூடியிருப்பதைக் கண்டு, வண்டிகளே தீயை மூட்டின என்று எவரும் கூறார். இப்புரதமும் அத்தகையதாகலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஒரு குறி மிகுந்திருப்பது வேறு. அதுவே நோய்க்குக் காரணமாவது வேறு. குருதிப் பரிசோதனைத் தாளைக் கையில் வாங்கும் ஒவ்வொருவரும் நினைவில் கொள்ளவேண்டிய வேறுபாடு இது.

இம்மூன்று புரதங்களும் ஆய்வுக்கூடத்தில் பெரும் பொருள் தந்துள்ளன. ஆயினும் தனியொருவருடைய தமனியில் சுண்ணம் எவ்வளவு உள்ளது என்பதை உறுதியாகக் கூறும் ஆற்றல் இவற்றுள் எதற்கும் இன்னும் வரவில்லை. வழக்கமான மருத்துவத்தில் இவற்றை அளந்து மருந்து தருவதும் இல்லை. எனவே ‘இதயப் புரதச் சோதனை’ என்ற பெயரில் பெரும்பொருள் கேட்கும் விளம்பரங்களைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. சுண்ணத்தை நேரே அளக்கும் வழி சி.டி. ஸ்கேன்தான். ஆர்தர் அகாட்ஸ்டன் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1990இல் வகுத்த எண்முறை இன்றும் வழக்கில் உள்ளது. சுழியம் வந்தால் அடுத்த சில ஆண்டுகளுக்கு இடர் குறைவு. 100ஐத் தாண்டினால் கவனம் தேவை. 400ஐத் தாண்டினால் இடர் மிகுதி. நாற்பது வயதைக் கடந்து, நோய்க்குறி ஏதுமின்றி, மருந்து தொடங்கலாமா வேண்டாமா என்று மருத்துவரே ஐயுறும் நிலையில் இருப்பவருக்கு இது உதவும். நெஞ்சுவலி வந்தவர் இந்த எண்ணுக்காகக் காத்திருத்தல் கூடாது.

அவ்வாறாயின் குருதியில் எதைக் கேட்பது? கள்ளக்குறிச்சியிலோ கல்வராயன் மலையடிவாரத்திலோ வாழும் குடும்பமும் கேட்கக்கூடிய வினாக்கள் உள்ளன. குருதி அழுத்தம் எவ்வளவு? மூன்று திங்களின் சராசரிச் சர்க்கரை எவ்வளவு? கெட்ட கொழுப்பாகிய எல்.டி.எல். எவ்வளவு? சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் எவ்வளவு? இவை நான்கும் தமனியின் வருங்காலத்தைப் பெரிதும் உரைப்பவை.

இவற்றோடு ஐந்தாவதாக ஒரு புரதக் குறியைச் சேர்த்தல் வேண்டும். அதன் பெயர் லிப்போபுரோட்டீன்-ஏ. நார்வே நாட்டு அறிஞர் காரே பெர்க் 1963இல் இதனைக் கண்டறிந்தார். கெட்ட கொழுப்புத் துகளின்மேல் மற்றொரு புரதம் வால்போல் ஒட்டிக்கொண்டு உருவாவது இது. தமனியில் கொழுப்பைச் சேர்ப்பதோடு, இதயத்தின் பெருந்தமனி வால்வில் சுண்ணம் படிவதற்கும் இது காரணமாகிறது என்பதை 2013இல் மரபணுச் சான்றுகளோடு நிறுவினர். இதன் அளவு பெரும்பாலும் பிறப்பிலேயே முடிவாகிவிடுகிறது. உணவாலும் உடற்பயிற்சியாலும் பெரிதும் மாறுவதில்லை. எனவே வாழ்நாளில் ஒருமுறை அளந்தால் பெரும்பாலோர்க்குப் போதும். இந்திய இதயவியல் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஒருமுறையேனும் இதனை அளக்கப் பரிந்துரைக்கிறது. டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருப்பின் இடர் மிகுதி. ஒருவருக்கு மிகுந்திருந்தால் அவருடைய உடன்பிறந்தாருக்கும் மக்களுக்கும் அளந்து பார்ப்பது கடமையாகிறது.

பிறப்பால் வந்தது என்று கேட்டவுடன் சோர்வடைய வேண்டியதில்லை. வினைக் கொள்கையை அறிந்தோர்க்கு இது விளங்காத செய்தி அன்று. ஊற்று, செறிப்பு, உதிர்ப்பு என்னும் மூன்றும் தமிழ்ச் சமண நூல்கள் கூறும் மெய்ப்பொருள்களுள் அடங்குவன. வினை வந்து சேர்வது ஊற்று. வாராமல் அடைப்பது செறிப்பு. சேர்ந்ததைக் கழிப்பது உதிர்ப்பு. உயிரைப் பற்றிய அந்த மெய்ம்மையை உடலுக்கு அப்படியே பொருத்துதல் முறையாகாது. ஆயினும் ஓர் ஒப்புமை தெளிவு தரும். தமனியில் ஏறிய சுண்ணத்தை உதிர்க்கும் மருந்து எதுவும் இன்றளவும் இல்லை. கெட்ட கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகளை உட்கொள்வோரின் சுண்ண எண் சற்று உயர்வதும் உண்டு. மென்மையான கொழுப்புப் படிவு இறுகி, வெடிக்காத நிலையை அடைவதே அதற்குக் காரணம் என்பர். எண் உயர்ந்ததே என்று அஞ்சி மாத்திரையை நிறுத்துவது தவறு. மருத்துவத்தால் இன்று இயல்வது செறிப்பு. அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகை என்னும் வாயில்களை அடைத்துவிட்டால், பிறப்பால் வந்த இடர் எஞ்சியிருந்தாலும் மொத்த இடர் குறையும்.

செறிப்பு என்றவுடன் சிலர் கடையில் வைட்டமின் கே மாத்திரையைத் தேடுவர். காவல் புரதத்தை அது எழுப்பும் என்பது உண்மை. ஆனால் டென்மார்க்கில் 365 ஆண்களுக்கு இரண்டு ஆண்டுகள் வைட்டமின் கே2 அளித்துப் பார்த்து, வால்வில் சுண்ணம் ஏறுவது குறையவில்லை என்று 2022இல் அறிவித்தனர். கீரை உண்ணலாம், மாத்திரையைத் தாமே தொடங்க வேண்டா. செயற்கை வால்வு பொருத்தப்பட்டு வார்ஃபரின் உட்கொள்வோர், மருத்துவரைக் கேளாமல் கீரையின் அளவைக்கூடத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது.

நோன்பு காக்கும் குடும்பங்களுக்குரிய வேறு சில செய்திகளும் உள்ளன. கதிரவன் மறைந்தபின் உண்ணாமை உயர்ந்த ஒழுக்கம். ஆனால் ‘இரவில் ஒரு மாத்திரை’ என்று மருத்துவர் எழுதியதை வாய்திறவாமல் வாங்கிவந்து, நோன்புக்காக அதனை உண்ணாமலேயே விட்டுவிடும் முதியோர் உண்டு. அடோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் ஆகியவற்றைப் பகலிலும் உட்கொள்ளலாம். நோன்பை மருத்துவரிடம் கூறினால் அவர் நேரத்தை மாற்றித் தருவார். கூடுறை மருந்துகள் பலவற்றின் உறை விலங்கின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து பெறும் ஜெலட்டினால் ஆனது; சில கால்சியம் மாத்திரைகள் சிப்பி ஓட்டிலிருந்து செய்யப்படுகின்றன. மாற்று மருந்து உண்டா என்று கேட்பது நோயாளியின் உரிமை. மாற்று இல்லை என்றால் உயிர்காக்கும் மருந்தை மறுப்பதற்கு முன் மருத்துவரோடும் அறமறிந்த பெரியோரோடும் கலந்து பேசுதல் வேண்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்வோர் உண்ணாநோன்பு தொடங்குமுன் மருந்தின் அளவைத் திருத்திக்கொள்ளாவிட்டால் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் நேரும். நோன்பு முடித்தபின் உண்ணும் இனிப்பின் அளவையும் நோன்பின் ஒரு பகுதியாகவே கருதுதல் நன்று. வயிறு நிரம்புமுன் கையைக் கழுவும் தவமும், நுகர்பொருளுக்கு அளவு வகுக்கும் விரதமும் அருகநெறியில் ஏற்கனவே உள்ளன. புதிதாக ஒன்றைக் கற்க வேண்டியதில்லை. உள்ளதைப் பந்தியில் கடைப்பிடித்தால் போதும்.

எல்லாவற்றையும் மீறி நெஞ்சு இறுகி, வியர்த்து, இடக்கையிலோ தாடையிலோ வலி பரவினால் வாயுக் கோளாறு என்று ஓமநீர் குடித்துக் காத்திருத்தல் ஆகாது. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியின்றி மூச்சுத்திணறலும் சோர்வும் மட்டுமே தோன்றக்கூடும். உடனே 108ஐ அழைக்க வேண்டும். 2023இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அடோர்வாஸ்டாட்டின் ஆகியவற்றின் முதல் தவணை வழங்கப்படுகிறது. மலையிலிருந்து மருத்துவமனைக்கு இறங்கிவரும் தொலைவில் அம்மாத்திரைகள் உயிரைத் தாங்கும். மருத்துவமனையில் அளக்கப்படும் டிரோபோனின் என்னும் புரதம், இதயத்தசை சிதைந்ததா என்பதை உரைக்கும். முன்னர்க் கூறிய குறிகள் வரப்போவதை எச்சரிப்பவை. இது வந்துவிட்டதை அறிவிப்பது. முன்னதைக் கேட்டவருக்குப் பின்னதன் தேவை குறையும்.

மருந்துக்கும் இச்சமயத்துக்கும் உள்ள உறவு பழமையானது. உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானங்களுள் மருந்து ஒன்று. ஏலாதி பாடிய கணிமேதாவியாரும் சிறுபஞ்சமூலம் பாடிய காரியாசானும் சமணப் புலவர். அறம் கூறும் நூல்களுக்கு மருந்தின் பெயரையே சூட்டினர். உடல்நோய்க்கு மருந்து எவ்வாறோ உயிர்க்கு அறம் அவ்வாறு என்பது அவர்கள் கருத்து. அம்மரபில் வந்தோர் விழா நாளில் அன்னதானத்தோடு மருந்துத் தானத்தையும் சேர்த்துச் செய்தல் பொருந்தும். ஆண்டுக்கு ஒருமுறை, விழாப் பந்தலின் ஒரு பக்கத்தில், குருதி அழுத்தமும் சர்க்கரையும் கொழுப்பும் அளக்கும் முகாமை அறக்கட்டளை நடத்தலாம். அது சமணக் குடும்பங்களோடு நில்லாமல், பந்தல் கட்டியவர், பாத்திரம் விளக்குபவர், கருணாபுரம் போன்ற பகுதிகளில் வாழும் உழைப்பாளர் ஆகிய அனைவருக்கும் திறந்திருத்தல் வேண்டும்.

அதற்கு முன்பே, இன்று இல்லம் திரும்பியதும் ஒவ்வொரு குடும்பமும் செய்யத்தக்க செலவில்லாத செயல் ஒன்று உண்டு. ஒரு குறிப்பேட்டை எடுத்துப் பாட்டன், பாட்டி, தந்தை, தாய், அவர்களின் உடன்பிறந்தார் ஆகியோர் எந்த வயதில் எதனால் காலமாயினர் என்று எழுத வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தார் ஆகியோருள் ஆண் ஒருவருக்கு 55 வயதுக்கு முன்போ பெண் ஒருவருக்கு 65 வயதுக்கு முன்போ இதய நோய் வந்திருந்தால், அந்தப் பக்கத்தை மருத்துவரிடம் காட்டி, லிப்போபுரோட்டீன்-ஏ அளக்கலாமா என்று கேட்க வேண்டும். நினைவுள்ள முதியோர் வீட்டில் இருக்கும்போதே அதனை எழுதி முடித்தல் நல்லது.